ரின்னின் நெருப்பா, ஜூவின் பசியா?

சீன வரலாறும் புராணமும் கலந்த இருண்ட போர் ஃபேன்டசி படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது இரண்டு நாவல்களுக்கு நடுவில்தான். ஒன்று ஆர். எஃப். குவாங்கின் ‘தி பாப்பி வார்’ (2018). மற்றது ஷெல்லி பார்க்கர்-சானின் ‘ஷீ ஹூ பிகேம் தி சன்’ (2021). இரண்டிலும் நாயகி நாதியற்ற ஏழைப் பெண். இரண்டிலும் அவள் கை கறைபடாமல் இருப்பதில்லை. ஒற்றுமை அதோடு சரி.

குவாங்கின் ரின் போரில் அநாதையானவள். வளர்த்தவர்கள் வயதான ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். தப்பிக்க ஒரே வழி, உயர்கல்விக்கு ஆளெடுக்க நாடு முழுக்க நடக்கும் கேஜு தேர்வு. கண் அசராமல் படிக்க, உருகிய மெழுகைக் கையில் சொட்டவிட்டுக்கொள்கிறாள். வலியைக் கொடுத்துப் பலனை வாங்கும் இந்தப் பேரம்தான் பிறகு தெய்வத்திடமும் நடக்கிறது. அபின் மயக்கத்தில் ஃபீனிக்ஸ் என்ற நெருப்புத் தெய்வத்தை எட்டினால் நெருப்பு கைக்கு வரும், புத்தி கையைவிட்டுப் போகும். அப்படித் தெய்வத்தை அழைத்துப் புத்தி பேதலித்தவர்களை, அதாவது ஷாமன்களை, ஒரு மலைக்குள் கல்லோடு கல்லாகப் பூட்டிவைத்திருக்கிறார்கள். மாயசக்திக்கு இவ்வளவு கறாராக விலை வைத்த கதைகள் குறைவு.

இதில் வரும் நெஜா, டாஜி போன்ற பாத்திரப் பெயர்கள் மிங் காலத்துப் புராண நாவலான ‘ஃபெங்ஷென் யான்யி’யில் இருப்பவை. ஆனால் போர் 20ஆம் நூற்றாண்டுடையது. 1937 நான்ஜிங் படுகொலையும், ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவு உயிருள்ள மனிதர்கள்மீது நடத்திய பரிசோதனைகளும் பெயர் மாறி உள்ளே வருகின்றன. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். பாதிவரை ராணுவப் பள்ளிக் கதை. போட்டியும் பொறாமையுமாக ஜாலியாகவே போகிறது. பிறகு நான்ஜிங்கின் சாயலான கோலின் நீஸ் நகருக்குள் நுழைந்ததும் கதை நின்றுபோய், சாட்சி வாக்குமூலங்களைப் படிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதிர்ச்சி நிஜம், ஆனால் அதில் பெரும்பங்கு வரலாற்றுக்குச் சேர வேண்டியது.

பார்க்கர்-சான் 14ஆம் நூற்றாண்டைவிட்டு நகரவில்லை. 1345, மங்கோலியரின் யுவான் ஆட்சி, பஞ்சம். மகன் பெரும்புகழ் பெறுவான், மகளுக்கு ஒன்றுமே இல்லை என்கிறான் ஜோசியன். மகன் செத்துப்போக, ஜூ என்ற அவன் பெயரையும் விதியையும் தங்கை எடுத்துக்கொண்டு மடத்தில் துறவியாகச் சேர்கிறாள். 1368இல் மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங்கும் பஞ்சத்தில் குடும்பத்தை இழந்து மடத்துக்குப் போனவர்தான். ஆசிரியர் அவரைப் பெண்ணாக்கியிருக்கிறார். மாயம் இதில் கொஞ்சம்தான்: பசியோடு அலையும் ஆவிகள், ஆளப் பிறந்தவர் கையில் எரியும் சுடர். சண்டைக் காட்சிகளும் சுருக்கம். ஈடுகட்டுவது எதிரணித் தளபதி ஓயாங். குடும்பத்தைக் கொன்று தன்னைக் காயடித்தவர்களுக்கே படை நடத்துகிறான்; அந்த வீட்டு மகன் எசென்மேல் உயிரையும் வைத்திருக்கிறான். இவன் வரும் பக்கங்களில் ஜூவே மங்கிப்போகிறாள்.

கென் லியுவின் ‘தி கிரேஸ் ஆஃப் கிங்ஸ்’ (2015) ஹான் வம்சம் உருவான கதையைத் தீவுகளுக்குக் கொண்டுபோகிறது. நல்ல நாவல்தான், இந்த அளவுக்கு இருட்டு கிடையாது.

என் ஓட்டு பார்க்கர்-சானுக்கு. ரின் வெறியில் செய்வதை ஜூ நிதானமாக, சிரித்த முகத்தோடு செய்கிறாள். எனக்குப் பயம் வந்தது இவளிடம்தான். போர்த் தந்திரமும் தெய்வ ஆவேசமும் வேண்டுமென்றால் குவாங்கை எடுங்கள், மனசு திடமாக இருக்கும் நாளில். அது 2020இல் முடிந்த மூன்று பாகக் கதை. ஜூவின் கதை 2023இல் வந்த இரண்டாம் பாகத்தோடு முடிந்துவிடுகிறது.