கைப்பிடிக் கீரைக்கு எது சரி: மசியலா, பொரியலா, கூட்டா?

கடைக் கீரை கட்டாக வரும். தொட்டிக் கீரை அப்படி வராது. ஒரு வாரம் ஒரு பிடிதான் தேறும். நல்ல மழை பெய்த அடுத்த வாரம், மடி கொள்ளாமல் வந்து நிற்கும். சமையல் குறிப்புகளோ 'ஒரு கட்டு கீரை' என்றுதான் தொடங்குகின்றன. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு முதல் வரியிலேயே சிக்கல்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விதைத்த இருபத்தைந்தாம் நாள் முளைக்கீரையைப் பிடுங்கியபோது முறம் நிறைய இருந்தது. பெருமையாகப் பொரியல் செய்தேன். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதை வாணலி காட்டிக்கொடுத்தது. இரண்டு நிமிடத்தில் குவியல் படுத்துவிட்டது. நான்கு தட்டுக்கும் பகிர்ந்தபோது ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. அம்மா தன் தட்டைப் பார்த்துவிட்டு, "இது கீரையா, மேலே தூவின கொத்தமல்லியா?" என்று கேட்டார்.

அதன்பிறகு மசியல், பொரியல், பருப்புக் கூட்டு என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. எது ருசி என்பதைவிட, அன்றைக்குச் செடி எவ்வளவு தருகிறது, இலை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதுதான் கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் மசியல். கீரையின் சொந்த ருசி முழுதாகத் தெரிவது இதில்தான். பறித்த அரை மணி நேரத்துக்குள் அடுப்பேறிய அரைக்கீரைக்கு உப்பும் நாலு பல் பூண்டும் போதும். ஆனால் மசியலுக்கு அளவு வேண்டும், இளசும் வேண்டும். இரண்டு பிடிக் கீரையைக் கடைந்தால் மத்தில் ஒட்டியது போக மீதிதான் நமக்கு. பூ வைக்கத் தொடங்கிய செடியின் இலை எவ்வளவு கடைந்தாலும் நார் நாராக நிற்கும். இலை குழைந்ததுமே இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுக் கடைவது நல்லது. மிக்ஸியில் ஒரு சுற்றுக்கு மேல் விட்டால் பசை மாதிரி ஆகிவிடும். மத்தால் கடைந்ததில் இருக்கும் அந்தக் கொரகொரப்பு போய்விடும்.

மசியல் பழுப்பாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூடிதான். இலை வேகும்போது அதிலிருந்து அமிலம் வெளிவரும். திறந்த சட்டியில் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடி போட்டால் சொட்டுச் சொட்டாகத் திரும்பி உள்ளேயே விழும். பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தை அமிலம் கழற்றிவிட, பச்சை மங்கிப் பாசி நிறமாகிறது. நேரம் நீள நீள நிறம் இன்னும் போகும். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இலை கூழாகிவிடும், பி1, சி போன்ற வைட்டமின்களும் கெடும். கண்ணுக்கு மட்டும்தான் லாபம். புளிச்சகீரைக்கு இந்தக் கவலையே வேண்டாம்; புளிப்பு அதன் இலையிலேயே இருப்பதால் சூடு பட்டதும் பழுப்பாகிவிடும், எந்த வித்தையும் பலிக்காது.

பொரியல் வேறு வகை. தண்ணீர் ஊற்றி வேகவைத்து வடிப்பதில்லை என்பதால் தண்ணீரில் கரையும் சத்து தண்ணீரோடு போவதில்லை. எண்ணெய் சேர்வதால், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினையும் இலையிலிருந்து உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். மசியலுக்கு ஒத்துவராத, கொஞ்சம் முற்றிய இலைக்கும் இது தாங்கும். ஆனால் குவியல் சுருங்கும் சோகம் இதில்தான் கண்ணெதிரே நடக்கும். கழுவிய ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காது, அவியும். அதனால் பறித்ததும் கழுவி, துணியில் பரப்பி உலரவிட்டுத்தான் நறுக்குகிறேன். கழுவும்போது தண்ணீரைச் சாய்த்துக் கொட்டாமல் கீரையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். தொட்டி மண் அடியில் தங்கிவிடும்; சாய்த்தால் அது மறுபடி இலை மேலேயே வந்து விழும்.

பொரியலுக்கென்றே பிறந்தது முருங்கைக்கீரை என்பேன். ஆய்வதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கொத்தாக ஒடித்துத் துணியில் சுற்றி இரவு வைத்துவிடலாம். காலையில் உதறினால் பாதிக்கு மேல் இலை தானாக உதிரும். காம்பைச் சோம்பலில் விட்டுவைத்தால் வாயில் குச்சி குச்சியாகத் தட்டுப்படும். வதக்கும்போது கரண்டியின் காம்பால் கிளறினால் இலை உருண்டை கட்டாது. அளவு குறைவாக இருந்தால் இரண்டு முட்டை உடைத்து ஊற்றலாம், நாலு பேருக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டில் கீரை என்றாலே முகம் சுளிப்பவரும் இதற்கு மறுபேச்சுப் பேசுவதில்லை.

கடைசியாகப் பருப்புக் கூட்டு. அப்புறம், இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். பருப்புக்கீரை என்று ஒரு கீரையே இருக்கிறது: தரையோடு படரும், இலையும் தண்டும் சதைப்பற்றாக இருக்கும், தொட்டியில் கேட்காமலே முளைத்துக்கொள்ளும். நான் சொல்வது அதை அல்ல. எந்தக் கீரையையும் பாசிப்பருப்போடு சேர்த்துச் செய்வதை.

சுருக்கமாகச் சொன்னால், கைப்பிடிக் கீரைக்கு வழி இதுதான். ஒரு பிடி போட்டாலும் கூட்டு கூட்டுதான், மூன்று பிடி போட்டாலும் கூட்டுதான். வயிறு நிறைக்கும் வேலையைப் பருப்பு பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு பிடி பாலக், அங்கே நாலு கொடிப்பசலை இலை, ஓரத்தில் கொஞ்சம் வெந்தயக்கீரை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் போடலாம். பசலையின் வழுவழுப்பு பொரியலில் உறுத்தும், பருப்பில் கரைந்துபோகும். வெந்தயக்கீரையின் கசப்பும் அப்படித்தான் அடங்கும்.

நான் வெகுநாள் செய்த தவறு, பருப்போடு கீரையையும் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டது. வெந்தது கீரையா, வைக்கோலா என்று தெரியாத நிறத்தில் வந்தது. இப்போது பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிறேன். பருப்பு மலர்ந்ததும் நறுக்கிய கீரையைப் போட்டால் ஐந்து நிமிடம் போதும். புளிச்சகீரையோ புளித்தண்ணீரோ சேர்ப்பதாக இருந்தால் பருப்பு முழுதாக வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு குழையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

கூட்டின் குறை என்னவென்றால், கீரையின் ருசி பின்னால் போய்விடும். தாளித்த சீரகமும் தேங்காயும் முன்னால் வந்து நிற்கும். அன்று பறித்த இளங்கீரையை, அதுவும் நிறைய இருக்கும்போது, கூட்டில் போடுவது எனக்கு ஊதாரித்தனமாகவே படுகிறது.

சத்துக் கணக்கில் மூன்றில் எது உசத்தி என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றுக்குமே ஒன்று சொல்லலாம். கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும் உடல் எடுத்துக்கொள்வது அதில் ஒரு சிறு பங்குதான். வைட்டமின் சி கூட இருந்தால் அது கூடும். அடுப்பை அணைத்து, பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்தால் சத்தும் கெடாது, நிறமும் கெடாது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பலன் குறையும். பாலக், முளைக்கீரை, பருப்புக்கீரை மூன்றிலும், சிறுநீரகக் கல் உருவாக ஒரு காரணமான ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றை எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட் கொஞ்சம் குறையும், ஆனால் வைட்டமின்களும் கூடவே வடியும்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான்: வாரத்தில் மூன்று நாள் கீரை என்றால் இரண்டு நாள் கூட்டு. மழைக்குப் பிறகு தொட்டி நிரம்பி வழியும் அந்த ஒரு வாரம் மட்டும் தொடர்ந்து மசியல். முருங்கை துளிர்த்தால் பொரியல். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை அடித்தண்டு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும் என்பதால், இன்றைக்கு ஒரு தொட்டி, நாலு நாள் கழித்து அடுத்தது என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அறுத்த தொட்டியில் இன்று காலை எண்ணினேன். கணுவுக்கு இரண்டு துளிர். ஒரு பிடிகூடத் தேறாது. பாசிப்பருப்பை ஊறவைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.