ஒரு கலப்பின மாடா, நாலு கன்னி ஆடா? கரிசல் காட்டுக் கணக்கு

மகளிர் குழுவில் கடன் கைக்கு வந்ததும் தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம், புதூர் பக்கம் எழுகிற முதல் கேள்வி, மாடு பிடிப்பதா ஆடு பிடிப்பதா என்பதுதான். எங்கள் சித்தி இரண்டையும் வளர்த்துப் பார்த்தவர். முதலில் ஜெர்சிக் கலப்பு மாடு, இப்போது கன்னி என்கிற நாட்டு இன ஆடு.

மாட்டின் பலம் ரொக்கம். பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டர் 35 ரூபாயானது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த விலைக்கு எட்டு லிட்டர் கறந்தால் நாளுக்கு 304 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, கறக்கிற லிட்டருக்கு 400 கிராம் என்று அடர்தீவனம் வைத்தால் நாளுக்கு 4.7 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றாலே 141 ரூபாய் போய்விடும். பசுந்தீவனமும் தட்டையும் தனி. முன்பு எல்லார் காட்டிலும் சோளத்தட்டையும் கம்மந்தட்டையும் படப்பாக, அதாவது போராக, நிற்கும். மக்காச்சோளம் பரவிய பிறகு படப்பு போட ஆளில்லை, தட்டையை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் அதைவிடப் பெரிய பாடு. கோடையில் கலப்பின மாடு குடிக்க மட்டும் நாளுக்கு 60 லிட்டராவது வேண்டும். நாலு குடம். சித்திரை வெயிலில், வீட்டுக்கு இரண்டு குடம், மாட்டுக்கு நாலு குடம் என்று சித்தி குழாயடியில் வரிசை போட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படித் தண்ணீர் காட்டியும் வெயில் தாங்காமல் கறவை குறையும். பாலின் அடர்த்தியைப் பால்மானியை விட்டுப் பார்த்து "டிகிரி இல்லையேம்மா" என்று பால் ஊற்றுமிடத்தில் விலையைக் குறைப்பார்கள்.

2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் மாநிலமே வறட்சி என்று அறிவிக்கப்பட்டது. ஊரே மாட்டை விற்க நின்ற அந்த நேரத்தில் சித்தியின் மாடும் அடிமாட்டு விலைக்குத்தான் போனது. மாடு போன பிறகும் தவணை ஓடியது. மாட்டில் ஒரு காலை மட்டும் தனியாக விற்க முடியாதே!

ஆடு அப்படியில்லை. பிள்ளைக்குப் பள்ளிச் செலவா, ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் போதும். தாயாடு பட்டியிலேயே நிற்கும். கன்னி ஆடு இந்த மண்ணுக்கென்றே வந்த இனம்: கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. சினைக்காலம் ஐந்து மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது உதிர்கிற சீமைக் கருவேலங்காயைத் தின்றே நாளைத் தள்ளிவிடும்.

அதற்காக ஆடு சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடாமல் விட்டால் ஒரே வாரத்தில் பட்டி காலியாகும். தெருநாய் பயம் வேறு. மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுக் களை எடுக்கப் போகலாம், ஆட்டுக்குப் பகல் முழுக்க ஒரு ஆள் வேண்டும். அதிலும் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் காடெல்லாம் உளுந்தும் மிளகாயும் நிற்கையில் வாய் வைத்துவிட்டால் ஊர்ச்சண்டை. மாட்டுக்கோ அதே மாதங்கள்தான் புல் நிறைந்த காலம். தரிசும் சுருங்கி வருகிறது: பக்கத்து ராமநாதபுரம் மாவட்டக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர். வேலி விழுந்த இடத்தில் மேய்ச்சல் ஏது?

செம்மறியை இதில் சேர்க்கவில்லை. கிடை போட்டு ஊர் ஊராகப் போக ஆண்துணையும் பெரிய மந்தையும் வேண்டும். குழுக்கடன் அதற்குக் காணாது.

என் முடிவு இது: கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நின்று, கால் ஏக்கராவது தீவனப்புல் போட முடிந்தால் மாடு பிடியுங்கள். மானாவாரி நிலம் மட்டும்தான் என்றால் ஆடுதான். இது தெரியாமலா இத்தனை பேர் மாடு வாங்குகிறார்கள்? தெரியும். மாதாமாதம் தவணை கட்டப் பால் பணம்தான் தோதாக வருகிறது. ஆட்டுக்காரிக்குப் பணம் வருவது குட்டி விற்கும்போதுதான், அதாவது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. நிலமும் மழையும் ஆட்டைச் சொல்ல, தவணைச் சீட்டு மாட்டை வாங்க வைக்கிறது. இதை மாற்றப் புதுத் திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆட்டுக்கடனுக்கு முதல் எட்டு மாதம் வட்டி மட்டும், அசலை பக்ரீத், தீபாவளிச் சந்தையை ஒட்டி என்று குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு வங்கியிடம் கேட்கலாம். சித்தியின் குழுவில் போன மாதம் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.