ஸ்கார்பரோவில் கார் பழக்கும் அக்கா: ஊர் லைசென்ஸோடு வந்தவர்களுக்கு என் அனுபவம்

கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். தினமும் பீளமேட்டிலிருந்து காந்திபுரம், மாதம் ஒருமுறை பொள்ளாச்சி, இரண்டு தடவை வால்பாறை மலைப்பாதை. அதனால் 2023 அக்டோபரில் கணவரோடும் மகளோடும் டொராண்டோ வந்து இறங்கியபோது, லைசென்ஸ் வேலை பத்து நாளில் முடிந்துவிடும் என்றுதான் நம்பினேன். ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் எனக்கு உண்மையிலேயே உதவியது நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தனியாக டிரைவிங் வகுப்பு எடுக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பெயரை வெளியே போட வேண்டாம், இருக்கிற ஆட்களுக்கே நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் ஆள் தேடும்போது உதவும்.

முதலில் விதி. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவர் வெளிநாட்டு லைசென்ஸை வைத்து 60 நாள் ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்கத்திய லைசென்ஸ் வேண்டும். பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளோடு மாற்று ஒப்பந்தம் உண்டு. எங்கள் மாடியில் இருக்கும் கொரியப் பெண் தன் லைசென்ஸைக் கொடுத்து, கண் பரிசோதனை மட்டும் செய்துகொண்டு, ஜி எனப்படும் முழு லைசென்ஸோடு வந்துவிட்டார். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியவளுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஆனால் ஊர் அனுபவம் வீணாவதில்லை. இதைப் பலர் சரியாகச் சொல்வதில்லை. புதிதாகப் பழகுகிறவர் ஜி1 (எழுத்துத் தேர்வு தேறியதும் கிடைக்கும் பழகுநர் லைசென்ஸ்) வாங்கியபின் 12 மாதம் காத்திருந்துதான் ஜி2 (தனியாக ஓட்ட விடும் இடைநிலை லைசென்ஸ்) சாலைத் தேர்வுக்குப் போக முடியும். நம் லைசென்ஸைக் காட்டி 12 மாத அனுபவம் வரை கணக்கில் சேர்த்துக்கொண்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமென்றால், லைசென்ஸ் கொடுத்த அலுவலகமோ நம் நாட்டுத் தூதரகமோ எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். 24 மாதம் ஏற்றுக்கொண்டால் நேரே ஜி தேர்வுக்கே போகலாம். அதில் தவறினால் ஜி2 தேர்வுக்கு இறங்கி வர வேண்டும்.

இந்தக் கணக்குப் புரியாமல் நான் முதலில் போனது ஒரு பெரிய டிரைவிங் ஸ்கூலுக்கு. லைசென்ஸைக் காட்டினேன், தேதியைக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பறையும் வண்டியும் வீட்டுப்பாடமும் சேர்ந்த 40 மணி நேரக் கோர்ஸ் கட்டாயம், 1,150 டாலர் என்றார்கள். அந்தக் கோர்ஸ் மோசமில்லை. முதன்முதலாக ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு நல்லது, 12 மாதக் காத்திருப்பு 8 மாதமாகக் குறையும். எனக்குத்தான் காத்திருப்பே இல்லையே! யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மகளின் பள்ளிவாசலில் ஒருவர் அக்காவின் எண்ணைக் கொடுத்தார். போனில் அக்கா முதலில் கேட்டது, "லைசென்ஸிலை முதன்முதல் எடுத்த திகதி என்ன போட்டிருக்கு?" 2014 என்றேன். "அப்ப அந்தக் கோர்ஸ் உங்களுக்குத் தேவையில்லை பிள்ளை. கோர்ஸ் எடுத்தால் இன்சூரன்சிலை கொஞ்சம் குறைக்கிற கம்பெனியும் இருக்கு, அதை முதல் விசாரியுங்கோ. குறைச்சால் மட்டும் யோசியுங்கோ" என்றார். தன்னிடம் வராமலே போய்விடக்கூடிய ஓர் ஆளுக்கு இவ்வளவு பொறுமையாக விளக்கியதே எனக்குப் போதுமாக இருந்தது. நான் கேட்ட இரண்டு இன்சூரன்ஸ் நிறுவனமும் பெரிதாகக் குறைக்கவில்லை. அக்காவிடமே சேர்ந்தேன்.

எழுத்துத் தேர்வை டிசம்பரில் முடித்தேன். நாற்பது கேள்வி: இருபது சாலைக் குறி, இருபது விதி. ஒவ்வொரு பகுதியிலும் 16 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். 159.75 டாலர் கட்டினேன், அதிலேயே எழுத்துத் தேர்வு, ஒரு ஜி2 சாலைத் தேர்வு, ஐந்து வருட லைசென்ஸ் எல்லாம் அடக்கம். ஊர் லைசென்ஸ் பற்றிய விவரத்தை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜனவரியில் முதல் வகுப்பு. பழைய கொரோலா, அக்கா பக்கத்திலும் ஒரு பிரேக். ஏறியவுடன் மாகாணம் கொடுத்த பயிற்றுநர் அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். இதைக் கேட்காமலே காட்டுகிறவரிடம் சேருங்கள். ஜி1 வைத்திருப்பவர் பக்கத்தில், குறைந்தது நான்கு வருடம் ஓட்டிய, முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை. ஆகவே எனக்கு ஓட்டிப் பார்க்கக் கிடைத்த நேரமே அக்காவோடு இருந்த நேரம்தான்.

எல்ஸ்மியர் ரோட்டில் ஏறியதும், "வலப்பக்கம் சிக்னல் போடுங்கோ" என்றார். நான் சிக்னல் எங்கே என்று விளக்குக் கம்பத்தைத் தேடினேன். நாம் இண்டிகேட்டர் என்பதை அவர் சிக்னல் என்கிறார். புரிந்து கையைத் தட்டினால், உறைந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடியது. ஊர் வண்டியில் இண்டிகேட்டர் வலது கைக்கு, இங்கே இடது கைக்கு. முதல் மூன்று வகுப்பு வரை அந்த வைப்பர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அக்கா ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. "ஓட்டம் உங்களுக்குத் தெரியும், அதிலை எனக்குச் சந்தேகமில்லை. கை இஞ்சத்தைக்குப் பழக வேணும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொல்லித்தரும் விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் இடப்பக்கத் திருப்பத்தைத்தான் சொல்வேன். இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்புவதுதான் எதிர்வரும் வண்டிகளைக் கடக்கும் திருப்பம். மார்க்கம் ரோடு போன்ற அகலமான சாலையில், பச்சை விழுந்ததும் சந்திப்புக்குள் கொஞ்சம் நகர்ந்து, எதிரே இடைவெளி கிடைக்கும்வரை நடுவில் காத்து நிற்க வேண்டும். நான் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து வைத்துக்கொள்வேன். ஊர்ப் பழக்கம், இடம் கிடைத்தவுடன் நுழைய வேண்டுமே. அக்கா சொன்னார், "சில்லை நேரா வைச்சிருங்கோ."

எனக்குச் சில்லு என்றால் உடைந்த ஓட்டுத் துண்டு. அவருக்குச் சில்லு என்றால் சக்கரம். அதை விளக்கிவிட்டு, வண்டியை ஒரு பிளாசாவின் வாகன நிறுத்தத்துக்குள் விடச் சொன்னார். கைப்பையிலிருந்து மகனின் இரண்டு பொம்மைக் காரை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார். முன்னால் உள்ளதன் சக்கரத்தை நேராக வைத்து, பின்னால் உள்ளதால் இடித்தார். முன் வண்டி நேராகத் தள்ளிப்போனது. அப்புறம் சக்கரத்தைத் திருப்பி வைத்து மறுபடி இடித்தார். இந்த முறை அது எதிர்வரும் வண்டிகளின் பாதைக்குள் போய்க் கிடந்தது. "பின்னாலை ஆரும் வந்து அடிச்சால் இதுதான் நடக்கும்" என்றார். ஒன்பது வருடம் ஓட்டியவளுக்கு இதை யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஸ்டியரிங்கை ஒடித்து வைத்து நான் காத்திருந்ததில்லை.

பள்ளிப் பேருந்து இன்னொரு விஷயம். கோவையில் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் நின்றால் ஒதுங்கிக் கடந்து போய்விடுவோம். இங்கே சிவப்பு விளக்கு மின்னும் பள்ளிப் பேருந்தைக் கண்டால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். மீறினால் முதல் முறையே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி. அக்கா இதற்காகவே மதியம் மூன்றரை மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில் ஒரு வகுப்பு வைத்தார்.

எட்டு வகுப்பு முடிந்து, மார்ச்சில் தேர்வு. தவறிவிட்டேன்.

தேர்வாளர் கொடுத்த தாளில் இரண்டு காரணம் தெளிவாக இருந்தது. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் கோட்டுக்கு முன்னால் முழுக்க நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் நிற்பது போல வேகத்தைக் குறைத்துத் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது, பாதை மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்திருக்கிறேன், தலையைத் திருப்பவில்லை. வண்டியில் ஏறி அழுதேன். "ஒன்பது வருசப் பழக்கம் எட்டு மணித்தியாலத்திலை போகாது பிள்ளை. இண்டைக்கு ஓட வேண்டாம்" என்று அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அடுத்து எடுத்த இரண்டு வகுப்பில் தேர்வுக்கென்று அவர் புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை. மோர்னிங்சைட் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில், நிறுத்தப் பலகைக்குப் பலகை போய் நின்றோம். ஒவ்வொரு பலகையிலும் வண்டி முழுதாக நின்று, முன்பக்கம் தாழ்ந்து, திரும்பி எழும் அந்த மெல்லிய அசைவு உடம்பில் தெரியும்வரை நான் வாய்விட்டு எண்ண வேண்டும். பனி கோட்டை மூடியிருந்தால் பலகைக் கம்பத்துக்கு நேராக நிற்க வேண்டும். பாதை மாறுமுன் தோளுக்கு மேலாகத் தலை திரும்ப வேண்டும். "கண்ணாடி மட்டும் காணாது, வடிவாப் பாருங்கோ" என்பதை அன்றைக்கு எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஏப்ரலில் மறுபடி போனேன், தேறிவிட்டேன்.

பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் ஜி1 வைத்திருப்பவரும் 401 நெடுஞ்சாலையில் ஓட்டலாம். கடைசி வகுப்பின் பாதி நேரத்தை அக்கா அதற்குத்தான் ஒதுக்கினார். ஊரில் பெரிய சாலையில் சேரும்போது வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து நுழைவோம். இங்கே சேரும் பாதையிலேயே ஓடுகிற வண்டிகளின் வேகத்துக்கு ஏறிவிட வேண்டும், தயங்கி நிற்பதுதான் ஆபத்து. அதை ஒருமுறை செய்து பார்த்ததும், நெடுஞ்சாலை ஓட்டமும் உள்ள ஜி தேர்வுக்கு நேரே போக வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொன்னதன் காரணம் புரிந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு மணிக்கு 50 டாலர், பத்து வகுப்புக்கு 500. தேர்வு நாளுக்கு வண்டி வாடகையும் முன்பயிற்சியும் சேர்த்து 120, அது இரண்டு முறை. மறுதேர்வுக் கட்டணம் 53.75 தனி. தேர்வு நாள் 120 அதிகம் என்றுதான் எனக்கு இன்னும் படுகிறது. தேர்வே இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வேறு குறைகளும் உண்டு. சனி, ஞாயிறு அக்கா வகுப்பு எடுப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், என் கணவருக்கு இதுதான் பெரிய சிக்கல். மாலை வகுப்பு இரண்டு முறை அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, முன்னால் ஓட்டியவர் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால். இரண்டு முறையும் முழு ஒரு மணி நேரம் கொடுத்தார் என்றாலும், ஜனவரிக் குளிரில் வாசலில் நின்றது நின்றதுதான். ஸ்கார்பரோவுக்கு வெளியே வந்து ஏற்றிக்கொள்ள மாட்டார். இன்சூரன்ஸ் பற்றி ஓரளவுக்குத்தான் சொல்வார். ஆகவே கார் வாங்குமுன் நாலைந்து இடத்தில் நீங்களே விலை கேளுங்கள். ஊரில் பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் பல நிறுவனங்கள் நம்மைப் புது ஓட்டுநராகத்தான் கணக்கிடுகின்றன. எங்களுக்கு மாதத் தவணையைவிட இன்சூரன்ஸ்தான் பாரமாக இருக்கிறது.

நான் திரும்பச் செய்வதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவேன். லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்தின் உறுதிக் கடிதத்துக்கு விமானம் ஏறுமுன்னே ஏற்பாடு செய்திருப்பேன். இங்கிருந்து தம்பியை அலைய வைக்க மனம் வராமல் 12 மாத அனுபவத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் ஜி தேர்வுக்கு அடுத்த ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் அக்காவிடமே போவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

கணவர் போன வாரம்தான் ஜி1 எழுதித் தேறினார். அக்காவிடம் கேட்டதில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி மட்டும்தான் காலி. அலுவலகத்தில் சொல்லி அந்த நேரத்தை வாங்கிக்கொண்டார்.