துண்டுக்குத் துண்டு அளவு மாத்தித் தண்ணி விடுறது: சில சிறுபோகம் பாவிச்ச பிறகு

துண்டுக்குத் துண்டு தண்ணி அளவை மாத்திறது சரிவருமோ எண்டு கனபேர் கேக்கினம், அதால எழுதுறன். முல்லைத்தீவு விசுவமடுப் பக்கம் எங்கட ரெண்டு ஏக்கர் மிளகாய், பப்பாசித் தோட்டத்தில இந்த ட்ரிப் (சொட்டு நீர்) சிஸ்டம் சில சிறுபோகம் (வெயில்காலப் போகம்) கண்டிட்டுது, புதுசில எழுதியிருந்தா முழுக்கப் புகழ்ந்துதான் எழுதியிருப்பன்.

யூடியூப்பில வேரியபிள் ரேட் (இடத்துக்கிடம் அளவு மாத்தித் தண்ணி விடுறது) எண்டு காட்டுறது அனேகமா சென்டர் பிவட். நீட்டுக் குழாயின்ர ஒரு முனை வயலுக்கு நடுவில நிக்க மிச்சம் சில்லில வட்டமடிக்கும், ஒரு வகை சுத்துற வேகத்தை மாத்தி அளவைக் கூட்டிக் குறைக்கும், மற்றது நொசிலைத் திறந்து பூட்டும். அது பெரிய காணிக்காரற்ற விளையாட்டு. எங்கட கிணத்துக்கும் காணிக்கும் ஏலக்கூடியது, லைனைத் துண்டு பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் தனி வால்வு போடுறதுதான்.

எங்கட மேல்பக்கம் கிரவல் கலந்த செம்மண், விட்ட தண்ணி நிக்காது. கீழ்த்துண்டு களி. முந்தி ஒரே வாய்க்காலால இறைக்கேக்க மேல மிளகாய் மத்தியானமே வாடும், கீழ வேர் அழுகி மஞ்சளடிக்கும். இப்ப மேலுக்கு காலமை கொஞ்சம் பின்னேரம் கொஞ்சம், கீழுக்கு நல்லா நனைய விட்டு நாள் விட்டுத்தான். ஒரு ஏக்கருக்கு 1 மில்லிமீற்றர் எண்டாலே கிட்டத்தட்ட 4,000 லீற்றர், அப்ப களிக்குச் சும்மா போன தண்ணியைக் கணக்குப் பாருங்கோ. 2022 இல பம்புக்கு எண்ணெய் எடுக்க வரிசையில நிண்ட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எப்ப திறக்கிறது எண்டதை டென்சியோமீட்டர் சொல்லும். தண்ணி நிரப்பின குழாய், அடியில செரமிக் நுனி, மண் காயக் காய தண்ணியை இழுக்கும், மேல முள் ஏறும். செம்மண்ணில 25 சென்டிபார் தாண்டினா திறப்பன், களியில 45 மட்டும் பொறுப்பன். 80க்கு மேல போக விட்டா உள்ள காத்துப் புகுந்திடும், பேந்து முள் பூச்சியத்துக்கு விழுந்து கிடக்கும், அதைப் பாத்து ஈரம் இருக்கெண்டு விட்டா பயிர் போச்சு. சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கிற நாளில தண்ணி நிரப்பியிருக்கோ எண்டு அடிக்கடி பாக்கவேணும்.

போனால ஓடுற கன்ட்ரோலர் எனக்குச் சரிவரேல்லை. கரண்ட் ஏறி இறங்கி போர்ட் எரிஞ்சுது, வித்த ஆள் போனே எடுக்கேல்லை, இப்ப வால்வு கையாலதான்.

மற்றது அடைப்பு. எங்கட தண்ணி கல்சியத் தண்ணி, ட்ரிப்பர் வாயில வெள்ளையாப் படியும், நகத்தால சுரண்ட மாவா உதிரும். டிஸ்க் பில்டர் போட்டாலும் அது நிக்காது, ஏனெண்டா கரைஞ்சு வந்துதான் வெளியில காத்துப் பட்டுப் படியுது. அடைச்ச துண்டில மற்றத் துண்டளவு நேரம் திறந்தாலும் தண்ணி குறைவாத்தான் போகும், மேல்மட்டத்தில பாத்தா விளங்காது. அதால லைன் தலைப்பிலயும் கடைசியிலயும் ட்ரிப்பருக்குக் கீழ பேணி வைச்சு ஒரே நேரம் பிடிச்சு அளந்து பாப்பன், வித்தியாசம் கூடினா அசிட் விட்டுக் கழுவுறது.

காசு குறைவெண்டா முதல் வால்வும் ரெண்டு டென்சியோமீட்டரும் வாங்குங்கோ, மிச்சம் பேந்து. நெல்லு வயலுக்கு உது வேண்டாம். காலபோக (மழைக்காலப் போகம்) உழவுக்கு முதல் லைனைச் சுருட்டி உயரத்தில கட்டித் தூக்குங்கோ, நிலத்தில போட்டா எலி விடாது.