தலைமன்னார் பழைய துறைக்குப் போகிறவர்களுக்கு

மன்னார்த் தீவின் வடமேற்கு நுனியில் தலைமன்னார் என்ற பெயரில் மூன்று இடங்கள் உண்டு: தலைமன்னார் கிராமம், தலைமன்னார் ஸ்டேஷன், தலைமன்னார் பியர். பழைய கப்பல் துறையைப் பார்க்கப் போகிறவர் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் கேட்கவேண்டியது மூன்றாவதை. ரயிலில் வருகிறவர்களும் இதில்தான் இடறுகிறார்கள். 'தலைமன்னார்' என்ற பலகையைக் கண்டதும் பெட்டிகளோடு இறங்கிவிட்டு, பிறகு வெயிலில் வாகனம் தேடுகிறார்கள். இறங்கவேண்டியது அதற்கடுத்து, தண்டவாளம் முடிகிற 'தலைமன்னார் பியர்' நிலையம். அங்கிருந்து கடல் நடைதூரம்தான்.

கொழும்பு கோட்டையிலிருந்து நேரடி ரயில் வருகிறது. அனுராதபுரம் தாண்டி மதவாச்சியில் யாழ்ப்பாணப் பாதையை விட்டுப் பிரிந்து, ஏறக்குறைய 106 கிலோமீற்றர் ஓடித் துறைக்கு வந்து சேரும். போரால் 1990இல் நின்றுபோன பாதை இது. இந்திய இர்கொன் நிறுவனம் மீண்டும் போட்டது. மடு வரையான பகுதி 2013இலும், மீதி 2015 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. நேர அட்டவணை அடிக்கடி மாறும். பாதைத் திருத்த வேலை, வெள்ளம் என்று சேவை இடையில் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் நேரத்தை நம்பிப் புறப்படாமல், 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் தமிழில் பேசலாம்.

ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். இணையத்தில் பதியும்போது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்த எண்ணைக் கொடுக்கவேண்டும். வண்டியில் அதையே காட்டவேண்டும் என்பதால், கொழும்பில் இருக்கும் மச்சானின் அடையாள அட்டை எண்ணில் உங்களுக்கு ரிக்கற் எடுக்கச் சொல்லாதீர்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவை ஒட்டிய நாட்களிலும் திருக்கேதீச்சரத்தின் சிவராத்திரியை ஒட்டிய நாட்களிலும் இந்தப் பாதையில் இடம் கிடைப்பது கடினம். இரண்டு தலங்களுக்கும் இதே பாதையில் நிலையங்கள் இருக்கின்றன.

சாலையால் வருகிறவர்களுக்கு ஏ14 வீதி. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியைத் தாண்டியதும் மன்னார் நகரமும் கோட்டையும் வந்துவிடும். மன்னார் பஸ் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அரச (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் பேசாலை வழியாக ஓடுகின்றன. துறையில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். மாலையானால் பஸ்கள் குறைந்துவிடும், செயலியில் வண்டி அழைக்கலாம் என்பது கொழும்பு நினைப்பு. குடும்பமாகப் போனால் மன்னாரிலேயே ஓட்டோவோ வேனோ பேசி, காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துக் கூலியை முடிவுசெய்வதே நல்லது. இரவில் இந்த வீதியில் வேகமாக ஓட்டவேண்டாம் என்று சாரதியிடம் சொல்லுங்கள். மன்னாரின் கழுதைகள் கூட்டமாகத் தார் வீதியிலேயே படுத்திருக்கும். அவற்றின் சாம்பல் நிறம் வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

துறையில் இன்று மிஞ்சியிருப்பது கடலுக்குள் நீளும் பழைய இறங்குதுறைப் பாலத்தின் உடல். தூண்களும் சட்டங்களும் உப்புக் காற்றில் அரித்துப்போய்விட்டன. பலகை இல்லாத இடத்தில் கால்வைத்தால் நேரே கீழேதான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்ப்பதே சரி. பக்கத்தில் வெள்ளை வெளிச்சவீடு. அருகில் கடற்படை முகாம் இருப்பதால் படம் எடுக்குமுன் காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முகாமின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். டிரோன் என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும்.

பார்க்க இவ்வளவுதானா என்று அரை மணிநேரத்தில் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். அந்தப் பாலத்துப் பலகைகளின் மேல் யார் யார் நடந்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் அப்படித் திரும்ப மனம் வராது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்புக்கு ரயில் என்று ஒரே தொடராகப் பயணம் ஓடியது. போட் மெயில் என்பது அதுதான். ரயிலே கப்பலில் ஏறிக் கடல் கடந்தது என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். இங்கே அகலப் பாதை, அங்கே மீற்றர் பாதை. ஆட்களும் பொதிகளும்தான் மாறி ஏறினார்கள்.

அந்த ஆட்களில் பெரும்பகுதி தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ரயில் வந்தபின் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை, பிறகு இந்தத் துறை, பிறகு மலைநாடு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றது. அவர்களைத் திருப்பி அனுப்பியதும் இந்த வழியாலேதான். இங்கேயே பிறந்து, தேயிலையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள், பார்த்தேயிராத ஊருக்குப் பெட்டி கட்டி இங்கே வரிசையில் நின்றார்கள். 1980களின் நடுப்பகுதியில் கப்பலும் நின்றது. 2023இல், மலையக மக்கள் வந்த 200ஆவது ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் குடியேறிய கோத்தகிரியிலோ கூடலூரிலோ உங்களுக்கு உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தலைமன்னார் பற்றிக் கேட்டுவிட்டு இங்கே வாருங்கள். இந்தத் துறைக்கு நம் சமூகம் இன்னும் செய்யாத மரியாதை நிறைய மீதியிருக்கிறது.

இங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு இப்போது பயணிகள் கப்பல் இல்லை. மீண்டும் தொடங்கப்போகிறது என்ற செய்தி அவ்வப்போது வரும். அதை வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். அது யாழ்ப்பாணப் பக்கம். மழைக்காலத்தில் அதுவும் நிறுத்தப்படும்.

ஆதாம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் சொல்லும் மணல் திட்டுகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள், கரையில் நிற்கும் படகுக்காரரிடம் நேரே விலைபேச வேண்டாம். 2015 முதல் அது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள கடல்சார் தேசிய பூங்கா. திணைக்கள அனுமதியும் கடற்படையின் சம்மதமும் வேண்டும். இந்திய எல்லை மிக அருகில் என்பதால் இது வெறும் சம்பிரதாயமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை ஆலா என்னும் கடற்பறவைகள் திட்டுகளில் வெறும் மணலில் முட்டையிடும். காலடியில் முட்டை தெரியாது. அந்த மாதங்களில் போகாமல் விடுவதே பறவைகளுக்கு நல்லது. தென்மேற்குக் காற்றும் அப்போதுதான் பலம், படகு பிடிப்பதும் கடினம். கைப்பேசி இந்தியச் சிக்னலைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறலாம். பியரில் இறங்கியதும் ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

தங்குவதற்கு மன்னார் நகரம்தான் வசதி. வங்கிகளும் பண இயந்திரங்களும் மருத்துவமனையும் அங்கேதான். பணத்தை அங்கேயே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். துறையடியில் நிழல் குறைவு. வயதானவர்கள் இருந்தால் கழிப்பறைத் தேவையை நகரத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வருவதற்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. வழியில் தாம்போதியடியில், வங்காலைச் சரணாலயத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளையும் அப்போது காணலாம். பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்துக்கும் (பாவோபாப்) ஒரு அரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

பேசாலைப் பக்கம் கருவாடு வாங்காமல் திரும்புகிறவர் குறைவு. வாங்கும்போது சதையை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, பெட்டிக்குள் இரண்டு நாளில் நாறிவிடும். மேலே இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தால் அது உப்பில் வளரும் கிருமி, விலை குறைத்தாலும் வேண்டாம். பாயிலோ வலைத்தட்டிலோ காயவைத்ததையே கேளுங்கள். மணலில் காய்ந்தது எத்தனை தடவை கழுவினாலும் பல்லில் கடிபடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பொழுது வெயிலில் போட்டு, நன்றாக ஆறியபின் தாளில் சுற்றி, அதற்குமேல் காற்று நீக்கிய பையில் அடையுங்கள். சூட்டோடு பைக்குள் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் சொந்தப் பாவனைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை மீன் கொண்டுபோகலாம், குடல் நீக்கியதாக இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் வருகைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே எழுதாமல் பிடிபட்டால் தண்டம், எழுதினால் அதிகம் போனால் கருவாடு மட்டும் போகும்.