சேற்றுக் கிருமியும் குதிரைக் கிருமியும்: திருகோணமலைக்கு எந்த ஆய்வு உதவும்?

1911இல் ரங்கூனில் நோயியல் மருத்துவர் அல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் சில சடலங்களை அறுத்துப் பார்த்தபோது, நுரையீரல், ஈரல், மண்ணீரல் எல்லாம் கெட்டிச் சீழ்க் கட்டிகளாக இருந்தன. பார்வைக்குக் கிளாண்டர்ஸ் மாதிரி. அது குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளைக் கொல்லும் பழைய நோய். பராமரிப்பவர்களுக்கும் சில வேளை தொற்றும். ஆனால் இறந்தவர்களில் பலர் மோர்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி அசையாது, மெல்லத்தான் வளரும். இது நீந்தியது, மளமளவென்று வளர்ந்தது. இன்று மெலியோய்டோசிஸ் எனப்படும் நோய் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கிளாண்டர்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தனி நோய் என்றே தெரிந்தது.

2004இல் இரண்டு கிருமிகளின் மரபணுத் தொகுதிகளும் வெளியாகி உறவுமுறையைத் தெளிவாக்கின. மெலியோய்டோசிஸ் கிருமியிடம் சுமார் 72 இலட்சம் மரபெழுத்துகள். கிளாண்டர்ஸ் கிருமியிடம் சுமார் 58 இலட்சம். பெரியதின் ஒரு கிளைதான் சின்னது. விலங்கின் உடம்புக்குள் குடியேறியதும் மண்ணில் பிழைக்கத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருக்கிறது, பட்டணத்தில் உத்தியோகம் கிடைத்ததும் மண்வெட்டியை வீசிவிட்டுப் போன தம்பி மாதிரி.

மிச்ச வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. குதிரைக்குள் மட்டும் வாழும் கிருமியை, நோயுள்ள குதிரையைக் கண்டுபிடித்துக் கொன்றே ஒழித்துவிடலாம். அதற்குக் கைகொடுத்தது 1890களில் வந்த மல்லீன் சோதனை. மல்லீன் என்பது கிளாண்டர்ஸ் கிருமியிலிருந்து எடுத்த சாறு. கீழ் இமைக்குள் அதில் சிறிதளவு ஊசி. ஓரிரு நாளில் இமை வீங்கிக் கண் பீளை தள்ளினால் அந்தக் குதிரைக்கு அன்றோடு சரி. பிரிட்டனும் வட அமெரிக்காவும் இப்படித்தான் கிளாண்டர்ஸைத் துடைத்தெறிந்தன. மண்ணை அப்படிச் சுட முடியாது. மெலியோய்டோசிஸ் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் சொந்தமாகவே வாழ்கிறது. மழைக்கு மேலே வருகிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சோடோ குடிதண்ணீரோடோ உடம்புக்குள் போகிறது.

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் பெரும்போகத்துக்கு வயலில் இறங்குகிறவருக்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்கவே தேவையில்லை. வடகீழ்ப் பருவமழை, தேங்கிய வயல், வெறுங்கால், அதோடு சீனி வருத்தம். மெலியோய்டோசிஸுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. சீனி வருத்தம் உள்ளவருக்கு இது வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்கு என்கின்றன ஆய்வுகள். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோக்கா கொரியா போன்ற நுண்ணுயிரியலாளர்கள் தேடத் தொடங்கிய பிறகு, 2006 முதல் 2017 வரை மட்டும் 250 பேருக்குக் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்து, உறுதியானது. நோய் புதிதாக வந்து குதிக்கவில்லை. முன்பு யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். உலக அளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் தெற்காசியாவின் பங்கு 44 சதவீதம்.

அப்படியானால் கிளாண்டர்ஸ் ஆய்வை ஏன் பார்க்க வேண்டும்? பணம் அந்தப் பக்கத்தாலும் வருகிறது. முதலாம் உலகப் போரில் நேச நாடுகளின் குதிரைகளைக் கொல்ல ஜேர்மன் உளவாளிகள் கிளாண்டர்ஸ் கிருமியைப் பயன்படுத்தினார்கள். இன்று அமெரிக்கா இரண்டு கிருமிகளையுமே ஆயுதமாகக்கூடியவை என்ற மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறது. வயற்காரருக்காக ஒதுக்காத பணம் படையினருக்காக ஒதுக்கப்படுகிறது. அதன் மிச்சம் நமக்கு வருகிறது. இன்னொன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் கிளாண்டர்ஸ் தொற்றிய நுண்ணுயிரியலாளருக்கும் சீனி வருத்தம் இருந்தது. அண்ணனும் தம்பியும் உள்ளே நுழையும் வாசல் ஒன்றுதான் போல.

இனிச் சோதனைகள். உண்மையான போட்டி இங்கேதான்.

பழைய முறை கல்ச்சர். குருதி, சளி, சிறுநீர், சீழ் எல்லாவற்றையும் வளர்த்துப் பார்ப்பது. இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் ஊடகத்தில் சில நாளில் ஊதா நிறத்தில், காய்ந்து சுருங்கிய பூ மாதிரிக் கொலனிகள் வரும். ஆனால் நோய் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதத்தினரைத்தான் இது பிடிக்கிறது. காரணம் எளிது: பல நோயாளிகளின் குருதியில் ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு கிருமிதான் இருக்கும். இதைவிடக் கவலையான விஷயம், வளர்ந்த பிறகும் ‘ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்த அழுக்கு’ என்று தட்டைத் தூக்கி எறிந்துவிடுவது. அடையாளம் காணும் தானியங்கி இயந்திரங்களும் சில வேளை வேறு பெயரைச் சொல்லிவிடும்.

இதற்கு ஒரு மலிவான மாற்று இருக்கிறது. நான் இதற்குத்தான் முதல் வாக்குப் போடுவேன். வளர்ந்த கிருமி ஆய்வுகூடத்தின் முதல் சோதனைகளில் ஒக்சிடேஸ் பொசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று வந்தால், தட்டில் கிருமிகொல்லி மருந்து தோய்த்த மூன்று வட்டுகளை வைத்துப் பார்ப்பது: ஜென்டாமைசின், கொலிஸ்டின், கோ-அமொக்சிகிளாவ். முதல் இரண்டையும் சட்டை செய்யாமல் வளர்ந்து, மூன்றாவதைச் சுற்றி மட்டும் வளராமல் நின்றால் சந்தேகத்தைப் பலமாக்கலாம். விசேட இயந்திரம் வேண்டாம். வழக்கமான வட்டுகள் போதும். ஒரு எச்சரிக்கை: மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு மசியும் வகைகளே பெரும்பாலானவை. கிளாண்டர்ஸ் கிருமியும் பொதுவாக ஜென்டாமைசினுக்கு மசியும், மருந்தை வெளியே தள்ளும் பம்பின் மரபணுவை அது இழந்துவிட்டதால். ஆக இந்த வட்டு முறை நம்பகமானது, ஆனால் நூறு சதவீதம் அல்ல.

அடுத்தது கர்ப்பச் சோதனைப் பட்டி மாதிரி ஒரு பட்டி. கிருமியின் மேலுறைச் சர்க்கரையைப் பிடித்துக் கோடு காட்டும். வளர்ந்துவிட்ட குருதிப் போத்தலில் ஒரு துளி எடுத்து வைத்தால் சில நிமிடங்களில் பிரமாதமான விடை. நேரே குருதியில் வைத்தால் பல வேளை ஏமாற்றிவிடும். மில்லிலீட்டருக்கு ஒரு கிருமி என்றால் கோடு எங்கிருந்து வரும்? பிறபொருளெதிரிகளைத் தேடும் பழைய திரட்சிச் சோதனை எனக்குப் பிடிக்காது. சேற்றில் வேலை செய்கிற ஆரோக்கியமானவர்களிலேயே பலருக்கு அது பொசிட்டிவ் காட்டும். கடுமையாக விழுந்துகிடப்பவருக்கு ஆரம்ப நாட்களில் நெகட்டிவ் என்றும் வரும்.

புதியது கிரிஸ்பர் முறை. கிருமியின் மரபணுத் துண்டையே தேடிப் பிடிப்பது. தாய்லாந்தில் 2024இல் வெளியான ஆய்வில், கல்ச்சர் சுமார் 67 சதவீதத்தினரைப் பிடித்த இடத்தில் இது சுமார் 93 சதவீதத்தினரைப் பிடித்தது, அதுவும் நாட்கணக்கில் இல்லாமல் நான்கு மணித்தியாலத்துக்குள். அருமைதான். ஆனால் இதற்கான வினைபொருட்களை ஒரு மாவட்ட வைத்தியசாலைக்குத் தவறாமல் கொண்டுவருவது யார்? பெரிய பொறுப்பு அது. இப்போதைக்குக் கொழும்பிலோ கண்டியிலோ இருந்தால் போதும். போத்தலை அங்கே அனுப்பலாம்.

சிகிச்சையில் சர்ச்சை குறைவு. 1989இல் தாய்லாந்துப் பரிசோதனை ஒன்றில் செஃப்டாசிடிம் இறப்பைப் பாதியாக்கியது. இன்றும் அதுவோ மெரோபெனெமோதான் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் நரம்பூசியாக. பிறகு மூன்று மாதம் கோ-டிரைமொக்சசோல் மாத்திரை. அதோடு டொக்சிசைக்ளினும் சேர்க்க வேண்டியதில்லை என்று 2014இல் பெரிய பரிசோதனை ஒன்று காட்டியது. வயிற்றுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நம் பக்கத்துச் சிக்கல் வேறு. வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சல் என்று நினைப்பது நியாயம். பென்சிலினோ செஃப்ட்ரியக்சோனோ தொடங்கப்படும். பென்சிலின் இந்தக் கிருமியைத் தொடவே தொடாது. செஃப்ட்ரியக்சோன் கொடுக்கப்பட்டவர்கள் செஃப்டாசிடிம் கொடுக்கப்பட்டவர்களைவிட அதிகம் இறந்ததாகத் தாய்லாந்து அனுபவம். எனவே எலிக்காய்ச்சல் மருந்துக்கு இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் இறங்காத சீனி வருத்தக்காரரை ‘இன்னும் பார்ப்போம்’ என்று வைத்திருக்கக் கூடாது.

தடுப்பூசிகளில் இரண்டு முகாம்கள். ஒன்று, கிருமியைப் பலவீனப்படுத்தி உயிரோடு கொடுப்பது. எலிகளில் நன்றாக வேலை செய்கிறது, கிளாண்டர்ஸ் கிருமியிலிருந்து ஆக்கிய ஒன்று இரண்டு நோய்க்குமே உதவக்கூடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உடம்புக்குள் ஒளிந்திருக்கக்கூடிய கிருமியின் உறவினரைச் சீனி வருத்தக்காரருக்கு உயிரோடு ஏற்றச் சம்மதிக்கும் வைத்தியரை நான் காணவில்லை. மற்றது, மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டி, கிருமியின் எச்.சி.பி.1 என்ற புரதத்தையும் சேர்த்துக் கொடுப்பது. பாதுகாப்பு கூடும், நம்மவருக்கு ஏற்றது இதுதான். மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இரண்டு நோய்க்குமே இன்னும் இல்லை.

பூட்ஸ் போடுங்கள் என்ற அறிவுரையை இங்கே மீண்டும் அச்சடிக்க மனமில்லை. மாரி வயலில் முழங்கால் சேற்றில் இறப்பர் பூட்ஸோடு நாற்று நட்டுப் பார்த்தவர் யாரும் அதை எழுதியிருக்க மாட்டார். காலில் புண் உள்ளவர் புண் ஆறும்வரை வயலில் இறங்காமல் இருப்பது, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, இவை நடக்கக்கூடியவை. அடுத்த மாரிக்கு முன் மாவட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதாக இருந்தால் என் வரிசை இது: முதலில் போதிய குருதி கல்ச்சர் போத்தல்கள், பிறகு மூன்று வட்டுகளும் அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், அதற்குப் பிறகு வளர்ந்த போத்தலுக்கான பட்டிகள். கிரிஸ்பர் அதற்கும் பிறகு.