சிப் பங்கு வாங்குமுன் எட்கர்

சிறிய சிப் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் வாங்கிவிடும் என்று நம்பிப் பணம் போடுபவர்களுக்கு, நிறுவனங்களும் பெரிய முதலீட்டாளர்களும் தாக்கல் செய்யும் அறிக்கைகளை வெளியிடும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தைவிட உருப்படியான சேவை இல்லை. இலவசம். படிக்கக் கணக்கும் தேவையில்லை.

முதலில் 13டி படிவத்தைத் தேடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் பங்கு சேர்த்து, நிறுவனத்தை விற்கச் சொல்லி நெருக்குபவர் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் நோக்கம் 4ஆம் பகுதியில் இருக்கும். 13ஜி படிவம் பெரும்பாலும் சும்மா வைத்திருக்கும் முதலீட்டாளருடையது. அதை நம்பி வாங்காதீர்கள். பிறகு 10-கியூ என்ற காலாண்டு அறிக்கையில் ரொக்கக் கையிருப்பைப் பாருங்கள். அது வற்றிக்கொண்டிருந்தால், யாரும் வாங்க வராதபோது புதுப் பங்கு வெளியிடுவார்கள். உங்கள் பங்கின் மதிப்பு கரையும்.

ஒப்பந்தம் அறிவித்த பிறகுதான் இத்தளத்தின் அருமை முழுதாகத் தெரியும். தென்கொரியாவின் சிப் நிறுவனமான மேக்னாசிப்பைப் பங்குக்கு 29 டாலர் தந்து வாங்க, சீனப் பின்னணி கொண்ட வைஸ் ரோடு கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் 2021 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது. தேசப் பாதுகாப்பு கருதி வெளிநாட்டு முதலீடுகளை ஆராயும் அமெரிக்க அரசுக் குழு குறுக்கிட்டதை, முக்கிய நிகழ்வுகளை அறிவிக்கும் மேக்னாசிப்பின் 8-கே அறிக்கைகள் படிப்படியாகச் சொல்லிவந்தன. டிசம்பரில் ஒப்பந்தம் ரத்து. சந்தை விலைக்கும் 29 டாலருக்கும் இருந்த இடைவெளி எளிய லாபமல்ல, ஒப்பந்தம் முறியும் அபாயத்தின் விலை.

குறையும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் பல 8-கேக்குப் பதில் 6-கே என்ற படிவம் தருகின்றன. பட்டியலைப் பார்த்தால் உள்ளடக்கம் புரியாது, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அறிக்கைகளின் முழு உரையிலும் சொல் தேடும் வசதி 2001க்கு முன் செல்லாது.